எலி பிடிக்கிற படம்

ஃபுல் பேண்ட் போட்டுக்கொண்டு எலி பிடிக்க வந்த மனிதனைக் கன்னியப்பன் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தான். அதுவும் பெல்ஸ் பேண்ட். வந்தவர் வேறு யாருமில்லை, அவனுடைய அக்கா எல்லம்மாவின் புருஷன் முனுசாமிதான். பின்னாலேயே எல்லம்மா தலைநிறையக் கனகாம்பரமும் சரிகைப் புடவையுமாக வரப்பில் வந்துகொண்டிருந்தாள். அந்த ஏரிக்கரை இருளர் குடிசைகளில் யாரும் கேமராவைக் கல்யாணத்தில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. கேமரா வருகிறதென்றால் பவுடர் போட்டுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

"இன்னா மாமா இது கோலம்?"

"படத்துல வர்றோம்ல மச்சான். கோவணத்தோடயா வருவாங்க?"

கன்னியப்பன் தலையில் அடித்துக்கொண்டான். விஷயம் விளையாட்டில்லை. அக்கா மகள் சௌந்தரத்துக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. சாதிச் சான்றிதழோடு திங்கட்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் போய்விடும். தாசில்தாரோ அவளை மேலும் கீழும் பார்த்தார். இவ்வளவு வெடுக்கென்று பேசுகிற பெண் எப்படி இருளச்சியாக இருக்க முடியும் என்று அவருக்குச் சந்தேகம். "பாம்பு பிடிப்பீங்களா? இல்லையா? சரி, எலியாவது பிடிச்சுக் காட்டுங்க. அப்பதான் கையெழுத்து" என்றுவிட்டார். ஏரிவரை வர அவருக்கு நேரமில்லையாம். ஆனால் இவளுடைய மாமன் கன்னியப்பன் ஆம்பூரில் கல்யாண வீடியோ எடுக்கிறவன் என்று தெரிந்ததும் மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வீட்டில் புதிதாக வீடியோ டெக் வாங்கியிருந்தார், போட்டுப் பார்க்கத்தான் கேசட் ஒன்றும் சிக்கவில்லை. "அப்ப படமாவே எடுத்துட்டு வாய்யா."

வீடியோ கடை முதலாளி நயீம் அகமது கேமராவைக் கொடுத்தார். "சாயங்காலம் மேல்விஷாரத்துல நிக்காஹ் கீது. கேமரா வரலன்னா நீயும் வராதே." இருந்ததும் ஒரே பேட்டரி. அதைவிடப் பெரிய பேஜார் ஒன்று இருந்தது. எல்லம்மா தோல் கம்பெனிக்கும் முனுசாமி அரிசி மில்லுக்கும் போக ஆரம்பித்த பிறகு யாரும் எலி பிடிக்கவேயில்லை. முனுசாமிக்கு எலி என்றால் கொஞ்சம் பயம் என்பது குடும்ப ரகசியம்.

"எல்லாரும் கேமராவைப் பாருங்க. சிரிங்க" என்றான் கன்னியப்பன், பழக்க தோஷத்தில். முனுசாமி எலி வளைக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி நின்றார். எல்லம்மா ஓட்டைப் பானையில் வைக்கோலைத் திணித்துக் கொளுத்தி, வளைக்குள் புகையை ஊதினாள். எலி தப்பிக்கிற இன்னொரு வளையை மண் போட்டு மிதித்து மூட வேண்டியது முனுசாமியின் வேலை. மகராசன், கேமரா போகிற பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்ததில் அதைச் சுத்தமாக மறந்துவிட்டார். எலி மறக்கவில்லை. அந்த வழியாகவே வந்து, எதிரே அகலமாக இருந்த பெல்ஸுக்குள் நேராக ஏறிவிட்டது.

"அய்யோ எல்லம்மா!" என்று அலறியபடி முனுசாமி ஏரிக்குள் குதித்தார். எலி நீந்திப் போய்விட்டது.

கன்னியப்பன் கேமராவைத் தோளிலிருந்து இறக்கவில்லை. பேட்டரி விளக்கு சிவப்பாகிவிட்டது. இனி வேறு வளை தேட நேரமில்லை. எல்லம்மா இருமிக்கொண்டே கரையில் வந்து உட்கார்ந்தாள். பவுடர் மேல் கரி. "இன்னும் ஓடுதாடா அது?" என்று கேட்டாள்.

"ஓடுதுக்கா."

ஞாயிற்றுக்கிழமை தாசில்தார் வீட்டில் படம் ஓடியது. முனுசாமி குதித்ததைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துக் குடும்பமே உருண்டு உருண்டு சிரித்தது. வாசற்படியில் நின்ற சௌந்தரம் தலையைக் குனிந்துகொண்டாள். கன்னியப்பனுக்கு அவமானத்தில் காது எரிந்தது.

"எலி மாட்டலையேய்யா" என்றார் தாசில்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அப்புறம் நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

டிவியில் எல்லம்மா நிமிர்ந்து நேராகப் பார்த்தாள்.

"சார், எலி ஓடிப்போச்சு. நாங்க ஓடல. எங்கம்மா இந்தக் கரையிலதான் மண்ணுக்குள்ள கீது. அதைப் பெத்தவளும் இங்கதான். ஏரி எங்களுக்குச் சோறு போட்டுது, இப்ப தோல் கம்பெனி போடுது. எம் பொண்ணு எலி புடிக்க வாணாம், ஊசி போடட்டும். நாங்க இன்னும் இன்னாத்தப் புடிச்சிக் காட்டணும்? சொல்லு சார்."

 பதில் வரட்டும் என்று பார்த்தாள். தாசில்தார் நாற்காலிமேல் மடக்கியிருந்த காலை மெதுவாகக் கீழே இறக்கினார்.

"ஒண்ணும் வேணாம்மா" என்றார், டிவியைப் பார்த்து.

யாரும் சிரிக்கவில்லை. கடையில் கொடுத்தது ஏற்கெனவே கல்யாணம் பிடித்த பழைய கேசட், விட்டால் அடுத்து யார் வீட்டுப் பிரியாணிப் பந்தியோ வந்துவிடும். கன்னியப்பன் பாய்ந்து போய் டெக்கில் படத்தை நிறுத்திப் பிடித்தான். எல்லம்மா கரி முகத்தோடு, நின்றுபோன படத்தில் லேசாக நடுங்கியபடி, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.