மாமியின் பாவசங்கீர்த்தனம்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனக் கூட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். அதில் குருவானவர், எங்கள் சுவாமி, கேட்டதை வெளியே சொல்ல வாய் திறக்கமாட்டார். திறந்தால் அங்கி போய்விடும். மிச்சம் யார் என்று நீங்களே பாருங்கள்.

ஆனாலும் 'அவன்' என்றுதான் எழுதப்போகிறேன். றொனால்ட் என்று பெயரும் வைத்தாயிற்று. பெயர் வைத்துவிட்டால் அவனைத் திட்டுவது சுலபம்.

2

தொடக்கம், முதல் வரைவு: 'வாவியின்மேல் மாலை வெயில் பொன்னாய்ச் சிந்—'

வேண்டாம். வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாம் வரைவு: றொனால்டின் மனைவி சுலக்ஷனா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அடக்கத்தன்று அவளுடைய தாய் மார்கிறட், எல்லோருக்கும் கேட்க ஒன்று சொன்னார்: "ஒரு நாள் முந்தி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயிருந்தா என்ட பிள்ள இருந்திருக்கும்." அன்றிலிருந்து றொனால்ட் மாமியோடு பேசுவதில்லை.

இது போதும். மாமி சொன்னது வெறும் பொய்யென்றால் அவனுக்கு இவ்வளவு சுட்டிருக்—

[இந்த வசனத்தை முடிக்கப்போவதில்லை.]

3

மாமியை வில்லியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அவர் ஒத்துழைக்கவில்லை. ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து சமைத்து, சாப்பாட்டுக் கரியரில் சோறும் கறியும் போட்டு, காத்தான்குடிக்குத் திரும்பும் ஓட்டோக்கார அம்ஜத்திடம் கொடுத்து, கல்லடிப் பாலம் தாண்டி நாவற்குடாவில் இருக்கும் மருமகனுக்கு அனுப்புகிறார். எந்த வில்லி இதைச் செய்வாள்?

றொனால்ட் அந்தச் சாப்பாட்டைத் தொட்டதில்லை. பூனைக்கு வைப்பான். கரியரைக் கழுவித் திருப்பி அனுப்புவான். கழுவி அனுப்புவதால் தன்னை நல்ல மனிதன் என்று நம்பினான்.

(பூனையும் அவனுடையதல்ல. கறி மணத்துக்குக் குடிவந்தது.)

4

தவக்காலத்து வெள்ளி. சிலுவைப்பாதை முடிந்ததும் றொனால்ட் கூட்டருகே முழந்தாளிட்டான். உள்ளே இருந்த சுவாமி அவனுக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவர். அன்று அவருக்கு உபவாசம். நுளம்புக்கடி வேறு.

றொனால்ட் பாவங்களைச் சொல்லத் தொடங்கினான். சனத்துக்கு முன்னால் பழி சொன்னது. கல்லறையில் ஒருவர் வைத்த பூவை ஒதுக்கிவிட்டுத் தன் பூவை நடுவில் வைத்தது. பூசைக்குப் பிந்தி வந்து முன்வாங்கில் இருந்தது.

"பொறுங்க," என்றார் சுவாமி. "இது ஆர்ட பாவம்?"

"மாமிட."

"அவ வரல்லியா?"

"அவ வந்தாலும் இதுகளச் சொல்லமாட்டா சுவாமி. அதான் நான்."

சுவாமி ஒரு நுளம்பை அடித்தார்.

"உங்கட பாவம்?"

"பெரிசா ஒண்டும் இல்ல."

"அப்ப என்னத்துக்கு வந்தீங்க?"

"தவக்காலம்தானே."

"சரி. மாமிட பாவத்த நீங்க சொன்னீங்க, அபராதத்தையும் நீங்களே செய்ங்க. ஞாயித்துக்கிழமை அவட வீட்ட போய்ச் சாப்பிடுங்க."

"இது அவக்கு அபராதமா, எனக்கா?"

"பின்னால ஆக்கள் நிக்கிறாங்க," என்றார் சுவாமி.

5

ஞாயிறு. றொனால்ட் ஒரு வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு போனான்: 'மாமி, நான் உங்கள மன்னிச்சிட்டன்.' பாலம் முழுக்கச் சொல்லிப் பார்த்தான். நடுப்பாலத்தில் தன் பெருந்தன்மையை நினைத்து அவனுக்கே கண் கலங்கப் பார்த்தது. கலங்கவில்லை. (சுலக்ஷனா போன பிறகு அது வேலை செய்வதில்லை.)

மாமி கதவைத் திறந்தார். அவனைப் பார்த்தார். அவன் காலடியையும் பார்த்தார்.

"பூனை வரல்லியா?"

றொனால்ட் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"அம்ஜத் எப்பயோ சொல்லிட்டான். அதுக்குப் பிறகு உறைப்பக் குறைச்சு, முள்ளெடுத்துத்தான் அனுப்புறன். பாவம், வாயில்லாப் பிராணி."

"தெரிஞ்சும் ஏன் மாமி அனுப்பினீங்க?"

"ஒரு நாளைக்கெண்டாலும் பூனை மிச்சம் வைக்கும், நீங்க திம்பீங்க எண்டுதான்."

[இந்த இடத்தில் என் வில்லி கையைவிட்டுப் போனார்.]

பாடமாக்கிய வசனத்தை றொனால்ட் விழுங்கினான். அது அவன் சொல்லவேண்டியதே அல்ல. மாமியின் வாயிலிருந்து வரவேண்டியது. வந்தால்தான் இனி அவனுக்குத் தூக்கம்.

6

முடிவு ஒன்று: மாமியின் காலில் விழுகிறான்.

(விழமாட்டான். எனக்கு அவனைத் தெரியும்.)

முடிவு இரண்டு: இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள்.

(எங்கள் பக்கம் மாமியும் மருமகனும் கட்டிப்பிடிப்பதில்லை.)

முடிவு மூன்று:

"அண்டைக்கு மழை மாமி. விடியட்டும் எண்டு இருந்திட்டன். அவவும் சும்மா காய்ச்சல் எண்டா. நானும்—"

மாமி குசினிக்குள் போய்க் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டு அவன் கையில் கொடுத்தார். பிறகு இரண்டு கறிச்சட்டிகளைத் திறந்தார்.

"இது எனக்கு வைச்சது. இது பூனைக்கு வைச்சது. எத ஊத்த?"

இத்தோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். மாமி அகப்பையோடு நிற்கிறார். றொனால்ட் கோப்பையை நீட்டியபடி நிற்கிறான். அவனுக்கு எது என்பதை நீங்கள் சொல்லுங்கள். கெதியாகச் சொல்லுங்கள், சோறு ஆறுகிறது.

எனக்கென்றால் பூனையின் பங்கே போதும்.