நீலம் பாய்ந்த டிஸ்க்

முன்சக்கரத்தைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, கைவிளக்கை உள்ளே காட்டிப் பார்த்த தம்பி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தாலும் ஊர்க்கதை பேசுகிறவன் அவன். அவன் வாய் மூடியிருந்தால் ஏதோ இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியும். அவளுக்காகத் துணி விரித்திருந்த பழைய டயரிலிருந்து எழுந்து அருகே வந்தாள்.

“மாமா வண்டிய வேற எங்கயாவது விட்டாராக்கா?”

“உன்ன விட்டா அவருக்கு வேற எந்த ஒர்க்‌ஷாப்டா தெரியும்?”

“அதான் நானும் நினைச்சேன். ஆனா பேட் புதுசா இருக்கே. நான் மாட்டினது இல்ல இது.”

நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த அக்காவின் மகள்தான் முதலில் சொன்னாள். வயிறு ஸ்டீயரிங்கில் இடிக்கிறதென்று ஓட்டுவதை விட்டுவிட்டு, தினமும் காலையில் அப்பாவோடு அலுவலகம் போய்க்கொண்டிருந்தாள். ‘அப்பா பிரேக் போட்டா காரே நடுங்குதும்மா’ என்றாள். அக்கா கேட்டதற்குக் கணவர், ‘ரோடு அப்படி’ என்றார். அந்த ரோட்டுக்குத் தார் போட்டு இன்னும் வாசனைகூடப் போகவில்லை. அந்தப் பதில் அவளுக்குள் மீன்முள் மாதிரி மாட்டிக்கொண்டது. அவர் மதியம் கண்ணயர்ந்த நேரம் பார்த்துத் தம்பியை வரவழைத்து, வண்டியை எடுத்துக்கொண்டு அவளும் கூடவே வந்துவிட்டாள்.

“பேட்டுன்னா எது?”

தம்பி விளக்கைக் கிட்டே கொண்டுபோனான். “தட்டு மாதிரி இருக்கே, இது டிஸ்க். சக்கரத்தோட சேர்ந்து சுத்தும். ரெண்டு பக்கமும் கவ்விக்கிட்டு நிக்குது பாரு, அதான் பேட். பிரேக்க மிதிச்சா இது ரெண்டும் டிஸ்க்க இறுக்கிப் புடிக்கும். தேயறது பேட்டோட தலையெழுத்து. தேஞ்சா தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டிக்கலாம். டிஸ்க்க அப்படி அடிக்கடி மாத்த மாட்டோம்.”

“அப்ப பேட்ட மாத்தினதுல என்ன தப்பு?”

“தப்புன்னு சொன்னேனா? டிஸ்க்கப் பாரு.”

வெள்ளியாக மின்ன வேண்டிய இரும்பில் நீலமும் ஊதாவுமாகத் திட்டுகள். அடிபட்ட இடம் மறுநாள் கன்றிப்போயிருக்குமே, அந்த நிறம்.

“சூடு. ஒண்ணு, மலை எறக்கத்துல பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்திருக்கணும். இல்லேன்னா சமரோட்டுல போகும்போதும் காலு பிரேக்கு மேலயே கெடக்கணும். அந்தச் சூட்டுல டிஸ்க் கெட்டுப்போச்சு, அதான் நடுக்கம். எவனோ பேட்ட மட்டும் மாத்தி அனுப்பிட்டான்.”

அவள் காதில் தங்கியது ஒரே சொல்தான். மலை.

மலைமேல் கணவரின் அக்கா இருக்கிறாள். மகள் தானாக மாப்பிள்ளை தேடிக்கொண்டபோது, நாலு பேர் நடுவில் ‘வளத்த லட்சணம் அப்படி’ என்று சொன்ன நாத்தனார். அன்று இரவே இவள் கணவனிடம் சொல்லிவிட்டாள்: அந்த வாசப்படிய மிதிச்சா, இந்த வாசப்படிய மறந்துடுங்க. அவரும் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

இப்போது ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. மகளை இறக்கிவிட்டுவிட்டு உடனே திரும்ப வேண்டியவர், சமையல் முடிந்து ஆறிப்போகும் நேரத்துக்கு வருகிறார். கேட்டால், மெயின் ரோட்டில் கூட்டம், சுற்றிக்கொண்டு வந்தேன் என்கிறார். வரும்போது கண் சிவந்திருக்கும். அழுதிருக்கிறார், அவரும் அந்த நாத்தனாரும் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்கள் என்று இப்போது தோன்றியது. காலையில் பேப்பரைப் பிரிப்பதுகூட இல்லை. ‘அதுல என்ன இருக்கு’ என்று மடிப்புக் கலையாமல் ஓரமாக வைத்துவிடுகிறார். மனசு இங்கே இருந்தால்தானே பேப்பர் படிக்க? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? பேட்டை மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருக்கிறார்.

பொழுது சாயும் நேரத்தில் அவர் நடந்தே வந்து சேர்ந்தார். வாசலில் நின்று, சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“வண்டியக் காணோம், பொண்டாட்டியும் காணோம். ரெண்டையும் சேத்துத் தூக்கிட்டுப் போனவன் பாவம்னு நினைச்சேன் மாப்ள.”

தம்பி சிரிக்கவில்லை. “டிஸ்க் போச்சு மாமா. மாத்தணும்.”

“டிஸ்க்கா? பேட் மாத்தினா போதும்னானே!”

தம்பி கைவிளக்கைக் கீழே வைத்தான்.

“யாரு மாமா அந்தப் புண்ணியவான்?”

“பொதுவா… சொல்லுவாங்க இல்ல, மாப்ள.”

திருடனுக்குத் தேள் கொட்டியது போல அவர் சக்கரத்தைச் சுற்றி வந்தார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேள்வியை நிறுத்தி வைத்தால்தான் அது கனக்கும்.

புது டிஸ்க் நாளைக்குத்தான் வரும், அதுவரை உருட்டிக்கொண்டு போங்கள் என்று தம்பி சக்கரத்தை மாட்டிக் கொடுத்தான். அவள் முன்இருக்கையில் ஏறிக்கொண்டாள். தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. அவர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார், பாத்திரத்துக்குள் எட்டிப் பார்ப்பவர் மாதிரி.

சோபாக்கள் விற்கும் நீளமான கடை ஒன்று வந்தது. அதன் கண்ணாடியில் தங்கள் கார் தங்களோடு ஊர்ந்து வருவதைப் பார்த்தாள். ஜன்னலில் தன் முகம். பின்னால் சிவப்பாக பிரேக் விளக்கு. முன்னால் சாலை காலியாகக் கிடந்தது, ஆனாலும் விளக்கு எரிந்தது. அடுத்து ஒரு மருந்துக்கடை, அதன் கண்ணாடியிலும் எரிந்தது. பல்பில் கோளாறு போலிருக்கிறது என்று நினைத்துத் திரும்பியவள், அவர் காலடியைப் பார்த்தாள்.

கிளட்ச் இல்லாத வண்டி. இடது காலுக்கு அதில் வேலையே கிடையாது. அந்தக் கால் பிரேக்கின் மேல் இருந்தது. வலது கால் போ என்று அழுத்த, இடது கால் போகாதே என்று அழுத்திக்கொண்டிருந்தது.

தூரத்து முனையிலிருந்து வெளிர்நிறச் சட்டைக்காரர் ஒருவர் சாலையைக் கடக்கத் தொடங்கினார். அவசரமே இல்லாத நடை. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது நிறுத்துவார், இப்போது நிறுத்துவார். சட்டைக்காரர் நடுச்சாலைக்கு வந்துவிட்டார். அவள் வாய் திறப்பதற்குள் கார் முழுவதும் நடுநடுங்கி நின்றது.

“திடீர்னு குறுக்க வந்துட்டான் பாரு, சனியன்.”

தம்பி சொன்ன இரண்டாவது காரணம், சமரோட்டிலும் பிரேக்கை விடாத கால், அப்போதுதான் அவள் காதில் விழுந்தது. பிரிக்காத பேப்பர், சிவந்த கண், மெயின் ரோட்டை விட்டுச் சுற்றி வருவது எல்லாம் ஒன்றையொன்று விட்டு விலகி வேறு மாதிரி சேர்ந்துகொண்டன. அந்த நாத்தனார் வீட்டுக்கே இவர் போயிருக்கக் கூடாதா என்று அவள் மனம் ஏங்கியது. போய், உட்கார்ந்து, வாயார என்னைத் திட்டிவிட்டு வந்திருக்கக் கூடாதா.

“ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. உங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு வரீங்களா?”

இரண்டு திருப்பங்கள் கடந்தன. பிறகு அவர் தோள்கள் மெல்ல இறங்கின.

“ஆமா. நாலஞ்சு தடவ போனேன்.”

“எப்படி இருக்காங்க?”

“இருக்கா. முட்டி வலின்னா. உன்ன விசாரிச்சா.”

தன்னை விசாரித்தாளாம். மங்கிப்போன இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு மலைப்பாதையில் முதல் வளைவைத் தாண்டியிருக்க முடியாது. முப்பது வருஷம் சந்தேகப்பட்டே வாழ்ந்த மனுஷிக்கு, அவர் இப்போது ஒரு குற்றத்தை வலிய ஒப்புக்கொண்டு கையில் கொடுக்கிறார். வாங்கிக்கொள்வதா, வேண்டாமா?

“சரி,” என்றாள்.

வீட்டு வாசலில் கார் நின்றது. அவள் இறங்கி, கேட்டைச் சாத்தப் பின்பக்கம் வந்தாள். வீட்டுக்குள்ளிருந்து மகளின் குரல் கேட்டது: “அப்பா, நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பணும். ஞாபகம் இருக்கட்டும்.”

“ஆகட்டும்மா!” என்றார் அவர், காருக்குள்ளிருந்தே.

என்ஜின் அணைந்துவிட்டது. அவர் இறங்கவில்லை. காம்பவுண்டுச் சுவரின் மேலும், அவள் புடவையின் மேலும், கேட்டின் தாழைப் பிடித்திருந்த அவள் கையின் மேலும் பிரேக் விளக்கின் சிவப்பு வெளிச்சம் விழுந்துகிடந்தது. அது அணையட்டும் என்று அவள் நின்றுகொண்டிருந்தாள்.