பூ விரிந்திருக்கும் நேரம்

ஆண் பூவைக் காம்போடு பறித்து இதழ்களை உரித்துப் போட்டால் நடுவில் ஒரு தண்டு மிஞ்சும். அதன் நுனியில் மகரந்தம் ஒட்டியிருக்கும். பெண் பூவைக் கண்டுபிடிப்பது சுலபம், அடியில் கோலிக்குண்டு அளவில் ஒரு பிஞ்சு உட்கார்ந்திருக்கும். தண்டின் நுனியைப் பெண் பூவின் நடுவில் மூன்று சுற்றுத் தடவிவிட்டு அடுத்த கொடிக்குப் போக வேண்டியதுதான். ஆனால் பூசணிப் பூ விடியும்போது விரிந்து, எட்டரை ஒன்பதுக்கெல்லாம் சுருண்டுவிடும். அதற்குப் பிறகு தடவினாலும் ஒன்றுதான், தடவாவிட்டாலும் ஒன்றுதான்.

அவள் இடுப்பை வளைத்தபடி கொடி கொடியாக நகர்ந்தாள். விரலெல்லாம் மஞ்சளாகியிருந்தது. சுற்று வட்டாரத்தில் எல்லாருக்கும் அவள் அக்காதான். தம்பியையும் தங்கையையும் கரையேற்றி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது அவளுக்கு நாற்பத்து நாலு வயதாகியிருந்தது. அவளுக்கென்று மிஞ்சியது இந்த அரை ஏக்கர்.

தோட்டக்கலை அதிகாரியம்மா ஸ்கூட்டரில் வந்து நாற்பது பெண்களை உட்கார வைத்து இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்திருந்தார். மருந்து அடித்து அடித்துத் தேனீ இல்லாமல் போனதால்தான் பிஞ்சு வெம்பி விழுகிறது, தேனீ செய்வதை நம் கை செய்ய வேண்டும் என்றார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"பூவுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கணுமாம்டி!"

"அக்காவ விட்டா ஆளு ஏது? ரெண்டு கல்யாணத்த முடிச்ச கை."

அவளும் கூடச் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வது? ஆனால் மறுநாள் விடியலில் ஆண் பூவும் கையுமாக நின்றது அவள் ஒருத்திதான்.

போன இரண்டு போகமும் அவளுக்குக் கையைக் கடித்திருந்தது. "இந்தத் தடவையும் காய் பிடிக்கலன்னா பேசாம இங்க வந்துடுக்கா. நிலத்த பக்கத்துத் தோட்டத்துக் கிணத்துக்காரர்கிட்டயே விட்டுடலாம், அவரும் ரொம்ப நாளா கேக்கறார்" என்று தம்பி போனில் சொல்லியிருந்தான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அவன் வீட்டில் ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் அவளுக்குப் பாய் விரிப்பார்கள். பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வருவதற்குள் சுருட்டி வைத்துவிட வேண்டும். யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். அந்த வீட்டுக்குப் போய் இருக்க அவளுக்குத் துளியும் பிடிக்கவில்லை.

முதல் மூன்று நாள் தடவிய பூக்களில் ஏழு பிஞ்சு நின்றது. தினமும் குனிந்து தொட்டுப் பார்த்தாள். அவை எலுமிச்சை அளவாகி, கைப்பிடி அளவானபோது யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. தம்பிக்குப் போன் போட்டாள். "சரிக்கா, பஸ்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்றான்.

அதற்கு முன்பே, நாலாம் நாள் காலையிலேயே, கிணற்றுக்காரர் வரப்பில் வந்து நின்றிருந்தார். பக்கத்து இரண்டு ஏக்கர் அவருடையது, அதிலும் பூசணிதான். அவளுக்குத் தண்ணீர் அவர் கிணற்றிலிருந்து வாரம் இரண்டு முறை வருகிறது. அதற்கு இதுநாள்வரை அவர் எதுவும் வாங்கியதில்லை.

"என்னக்கா மாயம் பண்றீங்க? எங்களுது எல்லாம் விழுந்துட்டே இருக்கு, உங்களுது நிக்குது."

செய்து காட்டினாள். அவர் விரலுக்குத் தண்டு நசுங்கிப் போனது.

"இது நமக்குச் சரிப்படாதுக்கா. நாளைக்கு நீங்களே ஒரு எட்டு வந்து பாத்துடுங்க."

ஒரு எட்டு என்றது ஒரு காலையானது. ஒரு காலை ஒரு வாரமானது. அவர் மனைவி இரண்டு நாள் கூடவே வந்து கற்றுக்கொண்டாள். ஏதேதோ பேசிக்கொண்டே வேலை செய்தாள். அந்த இரண்டு நாளும் அக்காவுக்கு நேரம் போனதே தெரியவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பெண் டீயை வரப்பில் வைத்துவிட்டு, "ஸ்கூல் வேன் வந்துடும்கா. அதுவுமில்லாம உங்க கை மாதிரி எனக்கு வராது" என்று ஓடிவிட்டாள்.

அன்று அக்கா கிணற்றுக்காரரிடம் கேட்டுப் பார்த்தாள்.

"தம்பி, முதல்ல என்னுத ஒரு மணி நேரத்துல முடிச்சுட்டு ஓடி வந்துடட்டுமா?"

"எங்களுது ரெண்டு ஏக்கர்க்கா, வெயில் ஏறிட்டா அவ்வளவுதான். உங்களுது சின்ன இடம், அப்புறமா பாத்துக்கலாமே." அவர் மோட்டார் அறைப் பக்கம் திரும்பினார். "நாளைக்கு உங்க தண்ணி முறைதானே? நானே வந்து திறந்து விடறேன்."

குரலில் மிரட்டல் ஏதும் இல்லை. அவளும் சரி என்றாள்.

விடியுமுன்னே தன் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தாள். மொட்டுகள் மடக்கிய குடைபோல இறுக்கமாக இருந்தன. அவர் தோட்டத்தை முடித்துவிட்டு, ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த ஆண் பூக்களோடு ஒன்பது மணிக்குத் தன் தோட்டத்துக்கு ஓடினாள். ஆண் பூ வாடாமல் இருந்தது, பெண் பூக்கள் மூடிக்கொண்டுவிட்டன. மறுநாளும் அப்படித்தான்.

மாதக் கடைசியில் அதிகாரியம்மா வந்தார். கிணற்றுக்காரர் தோட்டத்தில் கொடிக்கு மூன்று, நாலு என்று காய்கள் மண்ணில் அமர்ந்திருந்தன. அவற்றின் நடுவே அவரை நிறுத்திப் படம் எடுத்தார்.

"நாப்பது பேருக்குச் சொன்னேன் சார், நீங்க ஒருத்தராவது செஞ்சீங்களே."

"எல்லாம் அக்கா கைங்க மேடம்" என்றார் அவர், மனதாரத்தான். அவளையும் பக்கத்தில் கூப்பிட்டார். மஞ்சள் விரல்களை முந்தானையில் மறைத்துக்கொண்டு அவளும் படத்தில் நின்றாள்.

பிறகு அதிகாரியம்மா வரப்பைத் தாண்டி அவள் தோட்டத்துக்குள் வந்தார். இலைகளை விலக்கி விலக்கிப் பார்த்தார். முழுத் தோட்டத்துக்கும் ஏழு காய். மற்றக் கொடிகளின் அடியில் வெம்பி விழுந்த பிஞ்சுகள் அழுகிக் கிடந்தன. நோட்டில் ஏழு என்று எழுதிக்கொண்டு அவள் தோளில் கை வைத்தார்.

"ஊருக்கெல்லாம் செஞ்சு குடுக்கறீங்க, உங்க தோட்டத்துல விட்டுட்டீங்களேம்மா. சோம்பல் படாம காலையில ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. பூவு இன்னும் கொஞ்ச நாள்தான் வரும்."

அவள் கிணற்றுக்காரரைப் பார்த்தாள். அவர் மோட்டார் அறையை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

"சரிங்கம்மா" என்றாள்.

ஸ்கூட்டர் போனதும் குனிந்து, மூடியிருந்த ஒரு பெண் பூவை நகத்தால் மெல்லப் பிரித்தாள். இதழ் கூழாக விரலில் ஒட்டிக்கொண்டது. கால்வாயில் தண்ணீர் சலசலத்து வந்து அவள் பாதத்தை நனைத்துக்கொண்டு, காயில்லாத கொடிகளுக்குள் பரவியது.

"இன்னைக்கு நிறையவே திறந்து விட்டிருக்கேன்க்கா!" என்று அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் கேட்டது. "காலையில வந்துடுங்க!"