வெள்ளம் கேட்ட இன்ஸ்பெக்டர்

வெங்கிடராமன் யாரையும் லேசில் நம்பமாட்டார். தொழில் அப்படி. மாதம் இரண்டு நாவல், நாவலுக்குக் குறைந்தது மூன்று பிணம் என்று எழுதித் தள்ளுகிற மனுஷருக்கு, பால்காரன் அரைமணி தாமதமாக வந்தால்கூட இவ்வளவு நேரம் எங்கே இருந்தான் என்று விசாரிக்கத் தோன்றும். மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு அவர் ஒரு மிளகுக் கம்பெனியின் முன்னாள் குமாஸ்தா, அவ்வளவுதான். ஆனால் மதுரையிலும் சேலத்திலும் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கும் ‘நாகதத்தன்’ நாவல்கள் எல்லாம் அவர் அந்தப் புனைபெயரில் எழுதியவை. வந்த வாரத்திலேயே தீர்ந்துபோகும்.

அவர் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அதனால் நகல் எழுத சந்தனமாரி என்று ஒருத்தியை வைத்திருந்தார். சங்கரன்கோவில் பக்கத்தில் பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள். கொச்சி கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்க்கும் பாண்டியராஜுக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தவள். தினம் பதினொரு மணிக்கு வந்து கூடத்து மேஜையில் உட்கார்ந்து முத்து முத்தாக எழுதுவாள். அவள் வருவதற்கு முன்னால் வெங்கிடராமன் சென்னைக்கு அனுப்பிய நாலு நாவலும் போன வேகத்தில் திரும்பி வந்தன. அவள் வந்த பிறகு ஒன்றுகூடத் திரும்பவில்லை. எல்லாம் கையெழுத்து செய்த மாயம் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். அச்சாகி வந்த புத்தகத்தைப் பிரித்துப் பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. அடுத்த பிணம் காத்திருக்கும்போது பழைய பிணத்தை யார் பார்ப்பார்கள்?

நகல் எடுத்து முடிந்த மூலப்பிரதியை இடப்பள்ளியிலிருந்து வரும் சித்தி பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் வாங்கிக்கொண்டு போவான். பொன்போல் பாதுகாக்கிறேன் என்பான். அவன் ‘கொள்ளாம் அண்ணா, பேஷ்’ என்று தலையாட்டும்போது வெங்கிடராமனுக்கு உள்ளம் குளிர்ந்துவிடும்.

1998ஆம் வருஷத்து மழைக்காலத்தில் பதிப்பாளர் செல்லப்பா சென்னையிலிருந்து போன் செய்தார். மதுரையில் ‘வஜ்ரன்’ என்ற புது எழுத்தாளர் பெயரில் ஒரு நாவல் வந்திருக்கிறதாம். மிளகு கோடவுன், சாக்குக்குள் பிணம், இரட்டைச் சகோதரர்கள் என்று, வெங்கிடராமன் போன மாதம் அனுப்பிய கதை அப்படியே அதில் இருக்கிறதாம். நாகதத்தன் ஒரு புதுப் பையனைக் காப்பியடித்தான் என்று ஊர் சிரிக்கும், அச்சை நிறுத்திவிட்டேன், இன்னொரு தடவை இப்படி நடந்தால் நாகதத்தனையே நிறுத்த வேண்டியதுதான் என்றார் செல்லப்பா. போனை வைப்பதற்கு முன்னால் இதையும் சொன்னார்.

“சார், திருடன் உங்க ஊர் ஆள். இன்ஸ்பெக்டர் செத்தவன் பொண்டாட்டிகிட்ட ‘குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் கொடு’ங்கறான். தமிழ்நாட்டுல எவன் சார் வெள்ளத்தைக் குடிப்பான்?”

புத்தகம் கூரியரில் வந்தது. வெங்கிடராமன் வரி வரியாகப் படித்தார். கதை அவருடையதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் இதென்ன தமிழ்? திருடன் மதில் சாடுகிறான். வாசலில் பட்டி குரைக்கிறது. கதாநாயகி பேடித்து நிற்கிறாள். தாண்டினான், நாய், பயந்தாள் என்று எழுதத் தெரியாத எந்தக் கழுதை இதை எழுதியது என்று அவருக்கு ஆத்திரம் வந்தது. தலைமுறைகளுக்கு முன்னால் தஞ்சாவூரிலிருந்து பாலக்காட்டுக்கு வந்த குடும்பம் அவருடையது. மலையாளம் கலந்த இந்த அவியல் பாஷை தன் பேனாவில் வராது என்பதில் அவருக்குத் துளி ஐயமும் கிடையாது.

ஆகவே துப்பறிந்தார். திருடியது கதை தெரிந்த ஆள், கொச்சியில் கிடந்து தமிழ் கெட்டுப்போன ஆள். இரண்டும் பொருந்துகிறவள் கூடத்து மேஜையிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவள் அப்படிப்பட்டவள் இல்லையாக்கும் என்றாள் மனைவி திரிபுரசுந்தரி. அவர் நாவல்களில் யாரைப் பற்றி எல்லாரும் அப்படிச் சொல்கிறார்களோ அந்த ஆள்தான் கொலைகாரன். எனவே அவருக்குச் சந்தேகம் இன்னும் பலப்பட்டது.

ஒரு வாரம் கதவிடுக்கு வழியாகப் பார்த்தார். சந்தனமாரி நாலு வரி எழுதுவாள், நிறுத்துவாள், உதட்டுக்குள் முணுமுணுப்பாள், பிறகு எழுதுவாள். பார்த்து எழுதுகிறவளுக்கு யோசிக்க என்ன இருக்கிறது? அவள் பின்கட்டுக்குப் போன சமயம் பையைத் திறந்து பார்த்தார். உள்ளே மூலை மடிந்த ஒரு தமிழ் அகராதி இருந்தது. நகல் எழுதுகிறவளுக்கு அகராதி எதற்கு? சொந்தமாக நாவல் எழுதுகிறவளுக்கல்லவா அது வேண்டும்! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மனுஷர் அன்றைக்கே அவளைக் கேட்டுவிட்டார்.

அவள் அழவில்லை. “அந்தப் புஸ்தகத்த ஒருக்கா காட்டுங்கய்யா. பாத்துட்டுச் சொல்லுதேன்” என்றாள்.

காட்டியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் சந்தேகப்பட்ட ஆளிடம் சாட்சியத்தைக் காட்டக் கூடாது என்பது நாகதத்தனின் துப்பறியும் சட்டம். முடியாது என்றார். அவள் பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு, அகராதியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதோடு விட்டாரா? அடுத்த தெருக் கனகாம்பாள் மாமியின் பேரப்பிள்ளைகளுக்குச் சந்தனமாரி சாயங்காலங்களில் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்து வந்தாள். ஒரு எச்சரிக்கைக்கு இருக்கட்டும் என்று மாமியிடமும் போய்ச் சொல்லிவைத்தார். மாமி அன்றைக்கே டியூஷனை நிறுத்தினாள். மாமி வாய் சும்மா இருக்குமா, அவள் சொல்லிக்கொடுத்து வந்த மற்ற இரண்டு வீடுகளும் நிறுத்தின.

அடுத்த நாவலை வெங்கிடராமனே கொட்டை எழுத்தில் நகலெடுத்து அனுப்பினார். பத்தாம் நாள் அது திரும்பி வந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு வட்டம். வெள்ளம், சாடினான், பட்டி, பேடித்தாள். கூடவே செல்லப்பாவின் சீட்டு: ‘இதை யாரிடம் எழுதக் கொடுத்தீர்கள்? பழைய அம்மாவையே எழுதச் சொல்லுங்கள். எட்டு வருஷத்தில் அவர் பிரதியில் ஒரு சொல்லைக்கூட நாங்கள் திருத்தியதில்லை.’

வெங்கிடராமன் சீட்டை இரண்டு தடவை படித்தார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இவருக்குத் தன் நாக்கே தெரியவில்லை. எட்டு வருஷமாக அவள் முணுமுணுத்ததும் அகராதி புரட்டியதும் அவருடைய வெள்ளத்தைத் தண்ணீராக்கத்தான். வஜ்ரன் புத்தகத்தில் இருந்தது அவள் கை படாத அவருடைய சொந்தத் தமிழ். அப்படியானால் அது மூலப்பிரதியிலிருந்து போயிருக்கிறது. மூலப்பிரதி இருந்தது ஒரே ஒருவனிடம். பால்காரனைச் சந்தேகப்பட்ட மகானுபாவர், புகழ்ந்தவனைச் சந்தேகப்படவில்லை. போனில் கேட்டதற்குச் சித்தி பிள்ளை முதலில் மழுப்பினான். பிறகு, உங்களுக்கு வேண்டாத பேப்பர், வெறும் கடலாஸ்தானே அண்ணா என்றான்.

மறுநாள் காலையில் கார்ப்பரேஷன் குடியிருப்புக்குப் போனார். சந்தனமாரி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தோப்பும்படியில் இறால் உரிக்கும் ஷெட்டில் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஐஸில் ஊறி விரல் நுனிகளெல்லாம் வெளுத்து வெடித்திருந்தன. அவர் எல்லாவற்றையும் சொன்னார், மன்னிப்புக் கேட்டார், திரும்ப வரச் சொன்னார்.

“உங்க கதையில கடைசிப் பக்கத்துல திருடன் ஆப்புட்டுருவான், புஸ்தகம் முடிஞ்சிரும். அதுவரைக்கும் சந்தேகப்பட்டு வச்சிருந்தவுக என்ன ஆனாகன்னு நீங்க எழுதினதே இல்ல. நான்தான நகல் எடுத்தேன், எனக்குத் தெரியும்” என்றாள். “நான் வாறது பொறவு இருக்கட்டும். எந்த வீட்ல போய்ச் சொன்னியளோ, அங்க போய் இல்லன்னு சொல்லிட்டு வாங்க.”

நியாயம்தானே. இருவரும் மட்டாஞ்சேரி வரை ஒன்றாகவே வந்தார்கள். அவள் தெருமுனையில் நின்றுகொள்ள, வெங்கிடராமன் கனகாம்பாள் மாமி வீட்டுப் படியேறினார். தப்பு தன்னுடையது, அந்தப் பெண் ஒரு பாவமும் அறியாதவள், திருடியது தன் சித்தி பிள்ளை என்று ஒன்றுவிடாமல் சொன்னார். மாமி வெற்றிலையை மடித்தபடி முழுவதையும் கேட்டாள்.

“நகல் எழுத ஆள் கிடைக்கலையாக்கும்” என்றாள் மாமி. “அதுக்காகச் சொந்தக்காரன் தலையில கட்டறேளே, நன்னாயிருக்கா? நீங்க கதை எழுதறவராக்கும், ஆயிரம் எழுதுவேள். நேக்கு ஒரு சம்சயம் வந்துடுத்து. வந்தது வந்ததுதான். வீட்டுக்குள்ள சேர்க்க மனசு வரலை, கேட்டேளா.”

அவர் சத்தியம் செய்தார். செல்லப்பாவின் சீட்டை எடுத்து நீட்டினார். மாமி தமிழ் வாசிக்கத் தெரியாதென்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெங்கிடராமன் படியிறங்கி வந்தார். செல்லப்பாவின் சீட்டு இன்னும் கையிலேயே இருந்தது. சந்தனமாரி அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், கேட்காமலே தெரிந்துகொண்டாள். தோப்பும்படி பஸ் வந்து நின்றது. ஷெட்டுக்கு நேரமாயிட்டுங்கய்யா என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.