இரண்டு முறை தூக்கிய கை

கூட்டத்துக்குப் போக வேண்டியவள் வசந்திதான். மீனவப் பெண்கள் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. மகளுக்குக் காய்ச்சல் என்று கடைசி நேரத்தில் ஆரோக்கியமேரியை அனுப்பிவைத்தாள். நாடு முழுவதற்கும் உணவுக் கொள்கை எழுதப் போகிறார்களாம், அதற்கு ஜனங்களிடம் யோசனை கேட்கிறார்களாம். அதற்கு மேல் வசந்திக்கும் தெரியவில்லை. ஊரூர் குப்பத்தில் மீன் விற்கிற தன்னிடம் நாட்டுக்கு என்ன யோசனை இருக்க முடியும் என்று குழம்பிக்கொண்டே ஆரோக்கியமேரி தி. நகருக்குப் பஸ் ஏறினாள்.

மண்டபத்தில் மேசை மேசையாகப் பிரித்து உட்காரவைத்தார்கள். கூட்டத்தை நடத்திய மஹ்விஷ் என்ற பெண் மரியாதையாகப் பேசி அவளை மீனவர் மேசைக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒருவர், நெல்லுக்கு இருக்கிற மாதிரி மீனுக்கும் அரசாங்கம் குறைந்தபட்ச விலை வைக்க வேண்டும் என்றார். நியாயம்தானே. ஆரோக்கியமேரி கை தூக்கினாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு, ரேஷன் கார்டு வைத்திருப்பவர்கள் பக்கத்து மேசைக்கு வாங்க என்று மைக்கில் கூப்பிட்டார்கள். கார்டு அவளிடமும் இருந்தது, போனாள். அங்கே காவேரி உட்கார்ந்திருந்தாள். அடையாற்றங்கரையில் குடிசை போட்டிருந்த காலத்தில் ஞாயிறு தவறாமல் இவளிடம் மீன் வாங்கியவள். குடிசைகளை இடித்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகு ஆளையே காணவில்லை.

“அங்க வர்ற மீனு வாங்கற வெலையிலயா கீது? பசங்க மீனு துன்னு எத்தினி நாளாச்சு,” என்று காவேரி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். இதற்கு மேல் விற்கக் கூடாது என்று அரசாங்கமே ஒரு விலை கட்ட வேண்டுமாம். கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்த அவள் முகத்தைப் பார்த்தபடியே ஆரோக்கியமேரி கை தூக்கிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மஹ்விஷ் அவள் நாற்காலிக்கு அருகில் வந்து குனிந்தாள். “அங்க வெல ஏறணும்னீங்க, இங்க எறங்கணும்னு சொல்றீங்க. எதம்மா எழுதிக்கட்டும்?”

ஆரோக்கியமேரிக்கு முகம் சூடேறியது. விலை இறங்கினால் புருஷன் லூர்துசாமி படகுக்கு டீசல் போட முடியாது. ஏறினால் காவேரி வீட்டில் மீன் இல்லை. எண்ணெய்க் கடையில் விலை குறையாதா என்று தினமும் தவிக்கிறவளும் இவளேதான். மேசையில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

“ரெண்டையும் எட்துடும்மா,” என்றாள். மஹ்விஷ் இரண்டு இடத்திலும் அவள் கையைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டாள்.

பஸ் நிறுத்தத்தில் காவேரி, “நீயும் கைய எறக்கிட்டியாக்கா?” என்று மட்டும் கேட்டாள். பதில் சொல்வதற்குள் அவளுடைய பஸ் வந்துவிட்டது.

வீட்டில் லூர்துசாமி நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். பேசாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாமே என்றார். வசந்திக்குக் கோபம், சங்கத்துக்கு இருந்த ஒரு கையும் போயிற்றே என்று. 

மறுநாள் கடற்கரையில் மீனைப் பரப்பிவிட்டு, கூட்டத்தில் கொடுத்த நம்பரில் மஹ்விஷுக்குப் போன் போட்டாள். இரண்டு கையையும் திரும்ப எழுதிக்கொள்ளச் சொன்னாள். எதற்காக என்று அந்தப் பெண் கேட்டாள்.

“தெர்லம்மா. ஆனா ரெண்டும் நான்தான் தூக்கினேன்.”

 எழுதிக்கொள்கிறேன் என்றாள் மஹ்விஷ். எழுதுவாளா, எழுதினாலும் டெல்லியில் அதை எந்தப் பக்கம் சேர்ப்பார்கள் என்று ஆரோக்கியமேரிக்கு விளங்கவில்லை. எதிரே ஒருவர் சங்கரா மீன் என்ன விலை என்று கேட்டுக்கொண்டு நின்றார். சொல்ல வாயெடுத்தவள், காவேரியைப் பார்த்த மாதிரியே முதலில் அவர் முகத்தைப் பார்த்தாள்.