அவனைப் பார்த்து எறிந்தது

கண்ணாடிக் கதவு வெடித்துச் சிதறிய சத்தத்தில் சீல் அக்காவின் கை நழுவி, முத்திரை யாருடைய பிறப்புச் சான்றிதழிலோ கோணலாக விழுந்தது. உடைந்த கதவு வழியே ஒருவன் இரும்புக் கம்பியோடு உள்ளே நுழைந்தான். காத்திருந்த இரண்டு பேரும் பையைக்கூட எடுக்காமல் அவனை இடித்துக்கொண்டு ஓட்டம் பிடித்தார்கள்.

முதல் அடி பிரிண்டருக்கு. இரண்டாவது அடியில் மேசையின் ஒரு முனை பிளந்தது. மூன்றாவது அடியைத் தடுக்கப் போன அவளுடைய இடது கையில் சுண்டுவிரல் தோல் கிழிந்து பின்பக்கமாக மடங்கிக்கொண்டது. கத்த வாயைத் திறந்தவளின் தொண்டைக்குக் கம்பியின் முனை வந்துவிட்டது.

வாக்குமூலங்களை ஆங்கிலமாக்கி, முத்திரை குத்தி, கோர்ட்டுக்கு அனுப்புவது அவள் பிழைப்பு. பத்தொன்பது வருஷத்தில் அவளைத் திட்டியவர்கள் உண்டு, கும்பிட்டவர்கள் உண்டு. அடிக்க வந்தவன் இவன்தான் முதல்.

ஆளை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. போன மாதம் ஸ்டேஷன் வாசலில் அழுதுகொண்டு நின்றவன். இவனும் இவன் அண்ணனும் இறைச்சி ஆலையில் ஒரே மேசையில் வேலை பார்த்தவர்கள். அந்த மேசையிலிருந்து பறந்த கத்தி, எதிர்ப்பக்கம் தோல் உரித்துக்கொண்டிருந்தவனின் கழுத்தில் பிடிவரை இறங்கியது. அவன் விழக்கூட இல்லையாம். கொக்கியில் தொங்கிய மாட்டைக் கட்டிப்பிடித்தபடியே செத்துப்போனானாம். நான்தான் எறிந்தேன் என்று அண்ணன் தானாகவே போய்ச் சரணடைந்தான்.

"எங்க ஆலையில ரத்தம் வரும். நீ ஒரு சொட்டு சிந்தாம எங்கண்ணனை முடிச்சுட்ட" என்று காகிதம் ஒன்றை அவள் முகத்தில் விட்டெறிந்தான்.

அவள் மொழிபெயர்த்த வாக்குமூலம். வக்கீல் இரண்டு சொற்களைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தார். 'வாட்ச்' ஒன்று. 'அட்' ஒன்று. கண்காணித்து, குறிவைத்து எறிந்திருக்கிறான், இது கொலைதான் என்று இந்த இரண்டை வைத்தே எதிர்த்தரப்பு அடித்துப் பேசுகிறதாம். இரண்டு மணிக்கு நீதிபதி உட்காரப் போகிறார். இப்போது மணி பன்னிரண்டரை.

அண்ணன்காரன் சொன்னது அவளுக்கு அப்படியே காதில் ஒலித்தது. 'அவனைப் பார்த்து எறிஞ்சேன்.' அவ்வளவுதான். அன்றைக்கு அது ஐந்தாவது வாக்குமூலம், பசி வேறு. அவள் யோசிக்காமல் தட்டிவிட்டாள்.

நம் 'பார்த்து' எல்லாவற்றுக்கும் ஈடு கொடுக்கும். அவனிருந்த திசையில் என்றாலும் அதுதான், அவனை உற்றுக் கவனித்து என்றாலும் அதுதான். ஆங்கிலம் அப்படி விடாது. கண்ணில் பட்டால் 'சீ', கண்ணை அந்தப் பக்கம் திருப்பினால் 'லுக்', கண்ணெடுக்காமல் காத்திருந்தால் 'வாட்ச்'. எறிவதிலும் அதே கறார்தான். 'டு' போட்டால் பிடித்துக்கொள் என்று அர்த்தம். 'அட்' போட்டால் அவன்மேல் பட்டுத் தொலையட்டும் என்று அர்த்தம். தீட்டிய கத்தியை எதிரே இருப்பவனுக்கு வீசுவது அந்த ஆலையில் நாளைக்கு இருபது தடவை நடக்கிற காரியம் என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னபோதுதான் தன் தவறு அவளுக்கு உறைத்தது.

மாற்றி அடி என்றான். ஒற்றைக் கையால் அடித்தாள். உடைந்த விரலின் ரத்தம் எழுத்துப் பொத்தான்களுக்கு நடுவே வழிந்தது. 'வாட்ச்' போய் 'லுக்' வந்தது. 'அட்' போய் 'டு' வந்தது. பிழை என்னுடையது என்று கீழே ஒரு வரியும் சேர்த்தாள். பிரிண்டர் நொறுங்கிக் கிடந்ததால், பார்த்துப் பார்த்துக் கையாலேயே ஒரு பிரதி எழுதினாள்.

கீழே கிடந்த முத்திரையை எடுத்தவள் அதைக் குத்தவில்லை.

குத்து என்று கம்பியை ஓங்கினான். எதிரிலிருந்த கணினித் திரை நொறுங்கி, சில்லு ஒன்று அவள் கன்னத்தைக் கிழித்தது. அவள் அசையவில்லை. அன்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஒருவன் தூக்குக் கயிற்றின் பக்கத்தில் போயிருக்க மாட்டான். இன்றும் கேட்காமல் குத்துவதாக இல்லை.

"பிடின்னு எறியறவன் முதல்ல கூப்பிடுவான். அடிக்க எறியறவன் கூப்பிட மாட்டான். கோர்ட்டுல இதைத்தான் கேப்பாங்க" என்றாள். "கத்தி கையை விட்டுப் போறதுக்கு முன்னாடி, கூப்பிட்டாச்சா இல்லையா?"

ஓங்கிய கம்பி அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. அவன் உடைந்த மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"கூப்பிட்டுட்டுத்தான் எறிஞ்சேன்க்கா. மிஷின் சத்தத்துல அவன் திரும்பவே இல்ல."