எனக்குப் புரியாத பதில்கள்

1

இந்தக் கதையைப் பயத்தில்தான் ஆரம்பித்தேன். வேறு காரணம் சொன்னால் பொய். கதைக்குக் கரு எங்கே கிடைத்தது என்று கேட்டால், பஸ்ஸில் பார்த்த ஒரு முகம், யாரோ பேசிக்கொண்டு போனது காதில் விழுந்தது என்று எழுதுகிறவர்கள் எதையாவது அளந்துவிடுவார்கள். நானும் அளந்திருக்கிறேன். இந்த முறை அதற்குத் தெம்பில்லை. என் கழுத்தில் ஒரு கட்டி. வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு பெண். அவளுக்கு இது தெரியக் கூடாது. கரு அவ்வளவுதான்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். லீவு நாளில் கதை எழுதுவேன். வீட்டுக்காரர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். என் கதை ஒன்றைக்கூடப் படித்ததில்லை. நாள் முழுக்க மேலே போய்க் கீழே வருகிறவருக்கு அதுவே போதும் போல. மகளுக்குப் பதினேழு வயது. மிளகு என்று கூப்பிடுவோம். ஆள் சின்னது, காரம் ஜாஸ்தி.

2

முதல் வரைவு இப்படி ஆரம்பித்தது:

"அத்தையின் கழுத்தில் அந்தக் கட்டியை முதலில் கவனித்தது"

எனக்கு அப்படி ஒரு அத்தையே கிடையாது. கட்டியை என் கழுத்திலிருந்து இறக்கி வைக்க இன்னொரு கழுத்து தேவைப்பட்டது, அதற்காக உண்டாக்கினேன். பாவம், நல்ல மனுஷி. எல்லாருக்கும் விட்டுக்கொடுக்கிறவள். மூன்றாவது பக்கத்தில் அவள் செத்துப்போய்விடுவாள் போலிருந்தது.  அத்தனையையும் அடித்துப் போட்டேன். அத்தை போய்விட்டாள், கட்டி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இரண்டாவது வரைவு: "உலகில் எத்தனையோ கோடிப் பேர் பேசும் ஸ்பானிஷ் மொழி" (வேண்டாம். இது கட்டுரைப் போட்டி.)

சரி, உள்ளதை உள்ளபடியே சொல்லிவிடுகிறேன்.

3

பள்ளிக்கூடத்தில் மிளகு எடுத்திருப்பது ஸ்பானிஷ். கோடை விடுமுறை முடிந்ததும் மேல்நிலைத் தேர்வு. அதில் நல்ல மதிப்பெண் வந்தால்தான் அவள் ஆசைப்பட்ட கல்லூரி. எழுதுவதில் பயமில்லை, படிப்பதிலும் பயமில்லை. பேச்சுத் தேர்வுதான் அவளுக்கு எமன். பதிவு செய்த ஒரு குரல் கேள்வி கேட்கும், 'பீப்' என்று சத்தம் வரும், இருபது விநாடிக்குள் பதில் சொல்ல வேண்டும். நீ என்ன சொன்னாலும் அந்தக் குரல் காதில் வாங்காது. தன்பாட்டுக்கு அடுத்த கேள்விக்குப் போய்விடும். மாதிரித் தேர்வில் பீப் கேட்டதும் இவளுக்கு வாய் பூட்டிக்கொண்டது. ஒரு கேள்விக்குக்கூட வாயைத் திறக்காமல் எழுந்து வந்துவிட்டாள்.

அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். முதலில் மனுஷக் குரலில் பழகிக்கொள்வாளாம், அப்புறம் மெஷினாம். அந்த மனுஷக் குரல் நான். எனக்கு அதில் ஒரு வார்த்தைகூடத் தெரியாதே என்றேன்.

"அதுதான்மா வேணும். அந்த மெஷின் குரலுக்கும் நான் சொல்றது புரியாது."

அன்றிலிருந்து காலையில் நான் கடைக்குக் கிளம்பும்போது அன்றைய கேள்விகளை வாயால் சொல்லிக்கொடுப்பாள். பொருள் சொல்ல மாட்டாள். நான் பகல் முழுக்க முணுமுணுத்து மனப்பாடம் செய்து, சாயங்காலம் வந்து கேட்க வேண்டும். லென்ஸ் துடைத்துக்கொண்டே முணுமுணுப்பதைப் பார்த்துவிட்டு, வேண்டுதல் ஏதாவதா என்று கடை முதலாளி கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

(இடையில் ஒரு குறிப்பு: பீப்பையும் நானே வாயால் போடுவேன். முதல் வாரம் அதற்கே இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நான் ஸ்பானிஷ் பேசினால், லேட்டாக வீட்டுக்கு வந்தவளை வாசலில் நிறுத்தி விசாரிக்கிற மாதிரி இருக்கிறதாம்.)

பதில் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையாட்டுவேன். "நேரம்" என்பேன், அடுத்த கேள்விக்குப் போவேன். பத்து நாளில் அவள் நாக்கு அவிழ்ந்துவிட்டது.

4

இங்கேதான் எனக்கு வேலை கெட்டது. கதை எழுதுகிறவளுக்குத் தன் ஆட்கள் பேசுவது தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கதையிலோ பாதி வசனம் என் முன்னாலேயே பேசப்படுகிறது, எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மிளகு சொன்னாள்: "                    "

இப்படித்தான் விட வேண்டியிருக்கிறது. தொழில்நுட்பம், சிநேகிதம், சுற்றுச்சூழல் என்று பாடப்புத்தகச் சங்கதியாகப் போட்டு நிரப்பிப் பார்த்தேன். எதுவும் அவள் முகத்துக்குப் பொருந்தவில்லை.

5

டாக்டரம்மாவைப் பற்றி எழுதாமல் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் வந்துவிட்டேன்.

அவர் அறுவை சிகிச்சை செய்கிறவர். சுற்றி வளைக்காமல் பேசினார். கட்டி நல்ல கட்டி இல்லை. எடுத்துவிட வேண்டும். குரலுக்குப் போகும் நரம்பு பக்கத்திலேயே இருப்பதால் சிலருக்குக் குரல் மாறிப்போகும். சொல்லிவிட்டு ஒரு தேதி கொடுத்தார். அது மிளகின் பேச்சுத் தேர்வு நாள். பரீட்சை இருக்கிறது, அப்புறம் வருகிறேன் என்றேன்.

"பரீட்சை உங்களுக்கா?" என்று கேட்டார்.

மகளுக்கு என்றேன். இந்தத் தேதியை விட்டால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது, தள்ளிப்போடுவது நல்லதே இல்லை, வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் முடிவு சொல்லுங்கள் என்றார். வெளியே வந்ததும், கூட வந்திருந்த வீட்டுக்காரர் அந்தத் தேதிக்கே போகலாம் என்று சண்டை போட்டார். நான் அழுது ஜெயித்தேன். பரீட்சை முடியும்வரை பிள்ளைக்கு மூச்சு விடக் கூடாது என்று பேசிவைத்துக்கொண்டோம். அதிலிருந்து கொளுத்துகிற வெயிலில் கழுத்து மூடின சட்டையோடு திரிகிறேன்.

எனக்குச் சாவைவிட அந்த ஆபரேஷன் மேஜைதான் பயம். மயக்கம் தெளிந்து வாயைத் திறந்தால் வேறு யாருடைய குரலோ வருகிற மாதிரி நினைத்துக்கொள்வேன்.  இதைக் கதையில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அதனால் இப்படியே சொல்கிறேன்.

6

செவ்வாய்க்கிழமை அவள் சொல்லிக்கொடுத்த கேள்விகள் எல்லாம் புதிது. வழக்கத்தைவிடக் குட்டையாக இருந்தன, மனப்பாடம் சுலபம். சாயங்காலம் எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் சிரித்த முகத்தோடு கேட்டேன், பீப் போட்டேன்.

முதல் கேள்விக்கு மெதுவாகப் பதில் சொன்னாள். இரண்டாவதற்கு நிறைய சொல்ல வேண்டியிருந்தது போல, நான் "நேரம்" என்று வெட்டிவிட்டேன். மூன்றாவது கேள்வியில் அவள் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

"எதைப் பத்திடி இது?" என்றேன்.

"சுற்றுச்சூழல்."

"சுற்றுச்சூழலுக்கு யாராவது அழுவாங்களா?"

"உணர்ச்சியா பேசினா மார்க் ஜாஸ்திம்மா. அடுத்த கேள்வி."

கேட்டேன்.

7

அவள் சொன்னது என்னவாக இருக்கும்? மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவளுக்கு ஒரு காதல் தோல்வி. (சே, மலிவு.) இன்னொன்றில் கல்லூரிக்கே போகப் பிடிக்கவில்லை. மூன்றாவதில் உண்மையாகவே சுற்றுச்சூழல்தான். அந்த மூன்றாவதை நான் எவ்வளவு ஆசையாக எழுதினேன் தெரியுமா! ஆறு, குளம், நெகிழிப் பை ஒன்றையும் விடவில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல கதையாகியிருக்கும். கதாசிரியை நிறுத்தவில்லை. மறுநாள், புதன்கிழமை, கடையின் பின்னறையில் நின்றுகொண்டு ஃபோனை எடுத்தாள். (பாருங்கள், பயம் வந்ததும் 'நான்' ஓடிப்போய் 'அவள்' வந்துவிடுகிறாள்.) நான்தான் எடுத்தேன். மொழிபெயர்க்கும் செயலியைத் திறந்து, மனப்பாடமான கேள்விகளை ஒவ்வொன்றாக அதனிடம் சொன்னேன். என் உச்சரிப்பு அதற்குப் புரியாது என்று நம்பிக்கொண்டுதான் சொன்னேன். மிளகு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். புரிந்துவிட்டது.

உனக்கு எப்போதிலிருந்து தெரியும்?

யார் சொன்னார்கள்?

உன் அம்மாவிடம் ஏன் கேட்கவில்லை?

நீ தூங்குகிறாயா?

ஃபோன் இதையெல்லாம் ரயில் வருகிற அறிவிப்பு மாதிரி சொன்னது. இத்தனையையும் என் பெண்ணிடம் நான்தான் கேட்டிருக்கிறேன், அதுவும் இளித்துக்கொண்டு. பதிலை எல்லாம் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், ஒன்றுகூட என் தலையில் ஏறவில்லை. யார் சொன்னார்கள் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் "நேரம்" என்று வாயை அடைத்திருக்கிறேன். அவளிடம் இதையெல்லாம் கேட்க வீட்டில் ஒரு ஆள் இல்லை. அதனால் எனக்குச் சொல்லிக்கொடுத்துக் கேட்க வைத்திருக்கிறாள்.

பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அன்றைக்குச் சாயங்காலம் தலைவலி என்று சொல்லிப் பயிற்சிக்கு உட்காரவில்லை. அவள் சரி என்றாள். சுடுதண்ணீர் வைத்துக்கொண்டு வந்து கொடுத்தாள்.

8

இன்று வியாழக்கிழமை. காலையில் ஒரே ஒரு கேள்விதான் சொல்லிக்கொடுத்தாள். என் நாக்கு தடுக்கின இடத்தில் நிறுத்தி, திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். "மறந்துடாதம்மா" என்றாள்.

கடைக்குப் போனதும் ஃபோனிடம் சொன்னேன்.

நீ என்னுடன் மருத்துவமனைக்கு வருகிறாயா?

9

இனி முடிவு. கைவசம் சிலது இருக்கிறது.

மறந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். அவள் நம்ப மாட்டாள், ஆனால் நம்பின மாதிரி இருப்பாள். பரீட்சைக்குப் போவாள். தேதி கைவிட்டுப் போகும்.

இல்லையென்றால், ஒன்றும் தெரியாதவள் போல ஸ்பானிஷிலேயே கேட்டுவிடலாம். பீப் போட்டு, தலையாட்டி, "நேரம்" என்று முடித்துவிடலாம். கேட்டதாகவும் ஆகும், கேட்காததாகவும் ஆகும். எனக்கு ரொம்ப வசதியான முடிவு.

அல்லது தமிழில் கேட்கலாம். வருகிறேன் என்றுதான் சொல்வாள். அப்புறம் அந்தப் பரீட்சை, கல்லூரி, இந்தக் கோடை முழுக்க அவள் பட்ட பாடு எல்லாம் என் தலையில். நான் வேண்டாம் என்பேன், அவள் பிடிவாதம் பிடிப்பாள். பிறகு அவளுக்கு என்னென்ன பயம் என்று ஒவ்வொன்றாகச் சொல்வாள். இந்தத் தடவை எல்லாம் புரியும். அதுதான் எனக்குப் பயம். கத்திகூட அப்புறம்தான்.

டாக்டரம்மாவுக்கு இன்னும் ஃபோன் செய்யவில்லை. வீட்டுக்காரர் கூடத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மிளகு வந்து எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். என்ன எழுதுகிறேன் என்று கேட்கவில்லை.

"ம், கேளும்மா" என்கிறாள்.

பேனாவை வைக்க வேண்டும். மிச்சத்தை நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். கட்டியை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், பரீட்சையையும் உங்கள் இஷ்டம் போல வைத்துக்கொள்ளுங்கள். அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை என்னை மட்டும் எழுந்து போக விடாதீர்கள்.